எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லையா? இலங்கை மலையகத்துப் புது எழுத்தாளர்களுக்கு ஒரு செய்முறை

"கொப்பியைத் திறந்தா தலைப்பு மட்டும் வருது. அதுக்குக் கீழ ஒரு வரி வரமாட்டேங்குது." எழுத ஆசைப்படும் தம்பி தங்கைமாரிடம் நான் அடிக்கடி கேட்பது இது. என்ன தலைப்பு என்று விசாரித்தால், 'மலையக மக்களின் வாழ்க்கை', '200 வருட வலி' என்று வரும். கை நின்றுபோவதற்கு அந்தத் தலைப்புதான் காரணம். பல தலைமுறைப் பாரத்தை முதல் வரியிலேயே தூக்கிவைக்க யாராலும் முடியாது. ஒரு கொப்பி, ஒரு பேனை, கைபேசி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே தொடங்கலாம்.

படி 1: தலைப்பை வெட்டி, ஒரு பொருளை எழுதுங்கள்

பெரிய தலைப்பைக் கோடு போட்டு வெட்டுங்கள். அதற்குக் கீழே, கையால் தொடக்கூடிய ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள். தேயிலைச் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு, இடுப்பில் கட்டும் படங்குத் துணி, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முன்னால் தண்ணீர் விழும் பீலி, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் தொங்கும் தொட்டில், இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அடுக்கிய விறகு, எதுவும் ஆகலாம். தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கும் பஞ்சமில்லை. ஹட்டன் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்கும் பையனின் தோள் பை போதும். பத்துப் பொருள் எழுதி, அதில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சுற்றி வட்டமிடுங்கள். அழகானதைத் தேடவேண்டாம், தெரிந்ததைத் தேடுங்கள்.

படி 2: அந்தப் பொருளைக் கேள்வி கேளுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துத் தராசை எடுத்துக்கொண்டீர்கள் என்று வையுங்கள். 'நிறுவையில் தொழிலாளர் ஏமாற்றப்படுகிறார்கள்' என்று எழுதினால் அடுத்த வரி வராது. அது முடிவு. எழுத்து முடிவில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடும். அதற்குப் பதிலாகக் கேளுங்கள்: அப்போது நேரம் காலையா, பகலா, அந்தியா? மழையா? வரிசையில் முன்னால் நின்றது யார், பின்னால் யார்? கொழுந்துக்காரியின் கண் தராசு முள்ளில் இருந்ததா, வேறெங்காவதா? தண்ணிக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள்? குறிப்பிட்ட கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) என்று தெரிந்தவர் அந்த நேரத்தில் என்ன பேசினார், அல்லது ஏன் பேசாமல் இருந்தார்?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி பதில் எழுதுங்கள். பிறகு அதில் மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்:

"தராசில் சாக்கு ஏறியதும் அம்மா முள்ளைப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையின் பேனையைப் பார்த்தாள். முள் நின்றது 18இல், அவர் எழுதியது 15. பின்னால் நின்ற சின்னம்மா தன் சாக்கில் இருந்த மழைத்தண்ணீரைப் பிழியத் தொடங்கினாள்."

கண்ணீர், சுரண்டல், அவலம் என்று ஒரு சொல்லும் இதில் இல்லை. ஆனால் வாசிக்கிறவருக்குக் கோபம் வருகிறது. அடுத்து அம்மா என்ன செய்தாள் என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. அந்தக் கேள்விதான் உங்கள் அடுத்த வரி.

படி 3: வீட்டுப் பெரியவர்களோடு கதையுங்கள்

"அம்மாயி, அந்தக் காலம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டால், "அத ஏன் கேக்குற, ஒரே கஷ்டம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வியையும் பொருளோடு கட்டுங்கள்.

1964இல் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பாடப்புத்தகத்தில் இது இரண்டு வரி. உங்கள் லயத்திலோ, அது காலியான ஒரு காம்பரா. அதனால் இப்படிக் கேளுங்கள்: "பக்கத்துக் காம்பராக்காரங்க இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்க தலைமன்னாருக்கு ரயில் ஏறின அன்னைக்கு, அவங்க கோழிய யாரு பாத்துக்கிட்டா? நாய் என்னாச்சு? பயணம் சொல்ல வந்தப்ப என்ன குடுத்தாங்க? அந்தக் காம்பராவுக்கு அப்புறம் யாரு வந்தா?"

கோழியில் தொடங்கிய பேச்சு எங்கே போகும் என்று பாருங்கள். குறுக்கே பேசாதீர்கள். அனுமதி கேட்டுக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். பெயர்களை மாற்றி எழுதுவது நல்லது, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்யுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

படி 4: எழுத வராவிட்டால் சொல்லுங்கள்

பேனையைப் பிடித்ததும் பரீட்சைத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போது பேனையை வைத்துவிட்டு, கூட்டாளிக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிற மாதிரி ஐந்து நிமிடம் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். பிறகு கேட்டுக் கேட்டு, நீங்கள் சொன்னபடியே எழுதுங்கள். தோட்டத்துப் பேச்சைத் திருத்தவேண்டாம்.

பாட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மலையகத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் நிலையைப் பாட்டாகக் கட்டித் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். ஜனங்களுக்கு ஏற்கனவே பழகிய மெட்டுகள் அவருக்குக் கைகொடுத்தன. உங்கள் ஊர்த் தாலாட்டு ஒன்றின் மெட்டில் உங்கள் பொருளைப் பற்றி நாலு வரி போட்டுப் பாருங்கள். மெட்டு இழுத்துக்கொண்டு போகும்.

படி 5: நடுவில் நின்றால்

தெரியாத இடத்தில் ஒரு கட்டம் போட்டுவிட்டு, தெரிந்த இடத்துக்குத் தாவுங்கள். முடிவு முதலில் வந்தால் முடிவையே எழுதுங்கள். ஒரு நாள் எழுத்தை நிறுத்தும்போது, அடுத்த வரி மனதில் இருக்கும்போதே நிறுத்துங்கள். மறுநாள் அந்த வரியோடு உட்காரலாம்.

படி 6: அந்த வேலை தெரிந்தவருக்கு வாசித்துக் காட்டுங்கள்

ஆசிரியரிடம் பிறகு காட்டலாம். முதலில் கொழுந்தெடுக்கிற அத்தைக்கு, ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிற மாமாவுக்கு, வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்துச் சத்தமாக வாசியுங்கள். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், "எங்க பிழை?" என்று கேளுங்கள். "மழை நாள்ல யாரும் அப்பிடி நிக்கமாட்டாங்க, படங்கத் தலைக்கு மேல பிடிச்சிருப்பாங்க" என்று அவர் சொல்வார். அதை அப்படியே கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திருத்தம் சொல்லத் தொடங்கியவர் அதோடு நிறுத்தமாட்டார், தான் கண்ட இன்னொன்றையும் சொல்வார். அதற்குக் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் ஒதுக்குங்கள்.