திருவிருந்துக்கு முன் ஒப்புரவாவது எப்படி?

சபையாகக் கூடி அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன் பிணக்கைத் தீர்க்கச் சொல்லும்போது நாம் எடுத்துக்காட்டுவது இயேசுவின் மலைப்பிரசங்கத்தை. அதில் வரும் மத்தேயு 5:23, 24 வசனங்களை நம்மில் பலர் தலைகீழாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். 'யார் மேலாவது எனக்குக் கோபம் இருந்தால் மன்னித்துவிட்டுக் காணிக்கை செலுத்த வேண்டும்' என்றுதான் நினைக்கிறோம். வேதம் சொல்வது அதுவல்ல. 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்' என்பதே அதன் வார்த்தை. அப்படியானால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் அவரோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்கிறது. அதாவது, கணக்கு அவருடையது, கடன்காரர் நாம். மற்றவரை மன்னிப்பதை வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம். இதற்கோ எழுந்து நடந்து போகத்தான் வேண்டும். கலிலேயாவிலிருந்து எருசலேம் ஆலயத்துக்கு மூன்று நாள் நடந்து வந்த ஒருவன், பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுத் திரும்பவும் ஊருக்குப் போவதென்றால் என்ன பாடு என்பதை, இயேசு பேசக் கேட்டவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். அடுத்த தெருவுக்குப் போக நாம் சொல்லும் சாக்குகளை அந்தத் தூரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வரை காத்திராமல், வாரத்தின் தொடக்கத்திலேயே ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். 'யாருக்கு நான் தீங்கு செய்தேன்' என்று கேட்டால் மனம் ஒரு பெயரையும் சொல்லாது. 'கிறிஸ்மஸ் பலகாரம் யார் வீட்டுக்கு நின்றுபோனது, யாருடைய கல்யாணப் பத்திரிகை வேறொருவர் கையில் வந்தது, எந்த வீட்டைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுகிறேன்' என்று கேட்டால் பெயர்கள் தாமாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் தம் பிள்ளைகளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லுவார் என்பதை அவருடைய பேச்சிலேயே எழுத வேண்டும். நம் தரப்பு நியாயத்தை அந்தத் தாளில் ஒரு வரிகூட எழுதக்கூடாது. கை அரிக்கும், எழுதினால் தாள் முழுவதும் அதுவாகிவிடும்.

பிறகு போக வேண்டும். தனியாக, அவர் வீட்டுக்கு, அவருக்கு வசதியான நேரத்தில். வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவது ஒப்புரவாகாது. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கக் கையைப் பிடிப்பதும் ஆகாது. அவர் மறுக்க முடியாத இடத்தில் கேட்கப்படும் மன்னிப்பு ஒருவகை மிரட்டல்தான்.

என்ன பேசுவது என்பதில்தான் நான் ஒருமுறை தவறினேன். எங்களுக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே கிணறு. முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவோம். ஒரு சித்திரைக் கோடையில் வாழை வாடுகிறதே என்று, அவருடைய முறையில் இரண்டு இரவுகள் நான் மோட்டாரைப் போட்டுக்கொண்டேன். மூன்று வருடம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் போய், "ஏதாவது மனசு கஷ்டப்படும்படி நடந்திருந்தா மன்னிச்சிருங்க அண்ணே" என்றேன். அவர் ஈசிச்சேரிலிருந்து நிமிராமலே, "என்ன நடந்துச்சு, நீயே சொல்லு" என்றார். எனக்கு வாய் வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடி போய், "உங்க முறையில ரெண்டு ராத்திரி நான்தான் தண்ணி பாய்ச்சினேன். கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்" என்றேன். சற்று நேரம் கழித்து, "இத உங்க மதினிகிட்டப் போய்ச் சொல்லு. பாத்தேன்னு சொன்ன அவளத்தானே பொய்க்காரியாக்கின" என்றார். என் தாளில் மதினியின் பெயரே இருந்திருக்கவில்லை.

ஆகவே, 'செய்திருந்தால்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். செய்ததை, செய்த நாளோடு சொல்லுங்கள். 'ஆனால்' என்று தொடங்கும் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிடுங்கள்.

வாய் வார்த்தையோடு பெரும்பாலான ஒப்புரவுகள் நின்றுவிடுகின்றன. வேதமோ பொருளையும் கேட்கிறது. அபகரித்ததைத் திரும்பக் கொடுத்து, அதனுடன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 6ஆம் அதிகாரம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயுவோ நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றான். இதை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் அக்காளிடம் இரண்டு பவுன் சங்கிலியை வாங்கி அடகு வைத்து மூழ்கவிட்டவர், அன்றைய விலையை ரூபாயாக நீட்டினால் அது திருப்பிக் கொடுத்ததாகாது. இரண்டு பவுனாகவே கொடுக்க வேண்டும். கூடுதலாக ஐந்தில் ஒரு பங்கு என்றால் மூன்று கிராமுக்குச் சற்று மேல். வேலிச் சண்டையானால், தாலுகா சர்வேயருக்கு மனுப் போட்டு, கட்டணத்தையும் நீங்களே கட்டி, கல் எங்கே விழுகிறதோ அங்கே வேலியை நகர்த்துங்கள். ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர் தவணை சொல்லலாம், ஆனால் முதல் தவணையைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

மத்தேயுவின் அந்த வசனம் தவறு செய்தவனைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதை மறந்ததால் சபைகளில் நடக்கும் கொடுமை ஒன்று உண்டு. அடிக்கிற கணவனிடம் 'நீயே போய் ஒப்புரவாகு' என்று மனைவியை அனுப்பிவைக்கிறார்கள். சாதியின் பேரால் அவமதிக்கப்பட்டவரிடம், கல்லறைத் தோட்டத்திலும் தனி இடம் ஒதுக்கிய அதே வாயால், 'பழசை மறந்துவிடுங்கள்' என்கிறார்கள். நடக்க வேண்டியவர் யார் என்பதை மாற்றிவிடும் உபதேசம் அது. அடிபட்டவருக்குப் பாதுகாப்பும், தேவையானால் காவல் நிலையமும்தான் முதலில் வேண்டும்.

நீங்கள் போயும் அவர் கதவைத் திறக்காமல் போகலாம். அது அவருடைய உரிமை. 'கூடுமானால் உங்களாலானமட்டும்' என்று ரோமர் 12:18இல் பவுல் எல்லை வகுத்திருக்கிறார். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, 'நான் கேட்டும் அவர் இறங்கவில்லை' என்று ஊரில் சொல்லாமல் இருப்பதே அதன் பிறகு செய்யக்கூடியது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் திருவிருந்துப் பந்திக்குப் போகலாமா என்று கேட்பார்கள். பிணக்குள்ளவர்கள் ஒப்புரவாகும்வரை கூட்டத்தில் சேர வேண்டாம் என்று ஆதித் திருச்சபையின் போதனை நூலான திதாகே கண்டிப்பாகவே சொல்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் 1950ஆம் ஆண்டுத் திருவிருந்து ஒழுங்கு, சமாதான வாழ்த்தைக் கைக்குக் கை வழங்கும் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. பீடத்திலிருந்து புறப்படும் அந்தச் சமாதானம் பெஞ்சு பெஞ்சாக வந்து, பகையாளியின் கையிலிருந்தே நமக்குக் கிடைக்கலாம். என் எண்ணத்தில், போகத் தொடங்கி இன்னும் வழியில் இருப்பவர் குருவானவரிடம் சொல்லிவிட்டுப் பந்திக்கு வரலாம். போவதில்லை என்று தீர்மானித்தவர் தம் இடத்திலேயே இருந்துகொள்வது நேர்மை. நான் அப்படி இரண்டு மாதம் கடைசிப் பெஞ்சில் இருந்திருக்கிறேன். ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அதையும் தாளில் எழுத வேண்டியிருந்தது.