எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்காதீர்கள்

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் படிப்பில் வழிகாட்டப் புதிதாக வருகிறவர்கள், ஆரம்பத்தில் நான் அடித்த கூத்துகளை அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். திட்டாதே, ஒப்பிடாதே என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நல்ல எண்ணத்தோடு செய்து கெடுக்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அட்டவணையை நீங்களே போடுவது

விடியற்காலையில் தொடங்கி இரவு வரை கட்டம் கட்டமாக அழகாக இருக்கும். மூன்றாம் நாள் ஒரு கட்டம் தவறும், அதோடு தாளே குப்பைக்குப் போகும். மாணவரே போடட்டும். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை எல்லோருமே குறைத்துத்தான் கணக்கிடுகிறோம்; உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். அதனால் வாரத்தில் ஒன்றிரண்டு மாலைகளைக் காலியாக விடச் சொல்லுங்கள், விட்டுப்போனது அங்கே வந்து சேரும். தூக்கத்தில் கை வைக்க வேண்டாம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும்.

மணிக்கணக்கைப் பாராட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வழிகாட்டி கேட்கிற முதல் கேள்வியே "எத்தனை மணி நேரம் படிச்சே?" என்பதுதான். நாலு மணி நேரம் என்றால் ஒரு சபாஷ். பிள்ளைகள் விவரமானவர்கள், நாம் எதைக் கேட்கிறோமோ அதைக் காட்டிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். தினமும் படித்த நேரம் ஒரு நோட்டில் ஒழுங்காக ஏறியிருந்தது, பக்கத்துக்குப் பக்கம் முந்தைய வழிகாட்டியின் பாராட்டு வேறு. அறிவியல் புத்தகத்தில் மஞ்சள் மை படாத வரி இல்லை. மதிப்பெண் மட்டும் ஏறவே இல்லை. "எனக்கு ஞாபக சக்தியே கிடையாது" என்றாள். புத்தகத்தை மூடச் சொல்லி, முந்தைய நாள் படித்த ஒளிச்சேர்க்கையை வெள்ளைத்தாளில் எழுதச் சொன்னேன். நாலு வரியில் நின்றுவிட்டாள். ஞாபக சக்தியில் ஒரு குறையும் இல்லை. நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கிற வேலையை அவளிடம் யாருமே கேட்டதில்லை, அவ்வளவுதான்.

திரும்பத் திரும்ப வாசித்தால் வரிகள் பழகிப்போகும். பழகியதைத் தெரிந்தது என்று நம்பிவிடுவோம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் சில பகுதிகளை மறுபடி வாசித்தார்கள், சிலவற்றைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்ததுதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி வாசித்ததில் 42 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 56. பிள்ளைகள் ஏமாறுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். தேர்வோ அப்புறம்தானே வருகிறது!

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "நேத்துப் படிச்சதுல பார்க்காம எது வருது, எது வரல?" வராததை மட்டும் புரட்டிப் பார்த்து, மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முதல் சில வாரங்கள் மாணவருக்கு இது பிடிக்காது, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே தோன்றும். உட்காரும் நேரமும் குறையும். அந்த மாணவியின் வீட்டிலிருந்து "படிப்பே குறைஞ்சிடுச்சே" என்று போன் வந்தது. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பது

வராது. லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆன காலத்தின் நடுமதிப்பே 66 நாள்; அதாவது பாதிப் பேருக்கு அதற்கும் மேல். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒருநாள் விட்டாலும் குடிமுழுகிப் போகாது.

கைப்பேசியைப் பிடுங்குவது

சண்டைதான் மிஞ்சும். மாணவரே எடுத்துப் போய் அடுத்த அறையில் வைக்கட்டும்.

பெரிய இலக்கோடு நிறுத்திக்கொள்வது

மருத்துவராக வேண்டும் என்று மாணவர் எழுதிக் கொடுத்ததும் வழிகாட்டிக்குத் திருப்தி. அந்த வரிக்கும் இன்று மாலை ஆறு மணிக்கும் என்ன சம்பந்தம்? "சாப்பிட்டுக் கை கழுவியதும் மேசையில் உட்கார்ந்து இரண்டு கணக்கு" என்று எப்போது, எங்கே, என்ன என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். இப்படி ஒரு நிகழ்வோடு முடிச்சுப் போட்ட திட்டங்கள் வெறும் ஆசையைவிட அதிகம் நிறைவேறுவதை உளவியலாளர் கோல்விட்சர் 1999இல் தொகுத்துக் காட்டினார். அப்புறம், இலக்கு யாருடையது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். "அப்பா சொன்னார்" என்று பதில் வந்தால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, மாணவருக்கு எந்தப் பாடத்தில் நேரம் போவதே தெரியாது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.