பழைய எல்ஃப் லாரிக்குக் கரண்ட் பம்பு: முதலில் காற்று நுழையும் இடத்தைப் பிடியுங்கள்

காலையில் ஸ்டார்ட் செய்ய, டீசலை ஏற்றும் கைப்பம்பை முப்பது நாற்பது தடவை அமுக்க வேண்டியிருக்கிறது, லோடோடு ஏற்றம் ஏறினால் மூன்றாவது கியரிலேயே மூச்சு வாங்குகிறது, சில நாள் நடுரோட்டில் சத்தமில்லாமல் அணைந்துவிடுகிறது. பழைய ஜப்பான் லாரி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்த தொல்லைதான். உடனே யாராவது ஒருவர் "டேங்க் பக்கத்தில் ஒரு கரண்ட் பம்பு போட்டுவிடு, சரியாகிவிடும்" என்பார். பேட்டரியில் ஓடி, டீசலை டேங்கிலிருந்து எஞ்சின் பக்கம் தள்ளும் பம்பு அது. போடலாம், நானும் போட்டிருக்கிறேன், ஒழுங்காகப் போட்டால் நல்ல வேலைதான். ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் பம்பை மட்டும் போட்டால் காசும் போகும், வண்டியும் நிற்கும்.

என் வண்டி இசுசு எல்ஃப், 4பிடி1 எஞ்சின், 3.9 லிட்டர். பெகு பக்கத்திலிருந்து உளுந்து மூட்டை ஏற்றி ரங்கூன் பாயின்நாங் சந்தைக்கு ஓடும், ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஒரு மழைக்காலத்தில் அடிக்கடி நிற்க ஆரம்பித்தது. கரண்ட் பம்பு வாங்கிப் போட்டேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, பிறகு கொட்டுகிற மழையில் மூட்டைகளோடு மறுபடி நின்றது. கைப்பம்பை அமுக்கிக்கொண்டிருந்தபோது என் ஸ்பெயர் பையன், லாரியில் கூட வரும் உதவியாள், அவன்தான் சொன்னான்: "அண்ணே, டேங்க் நிறைய இருக்கும்போது ஒரு நாளும் நிற்கலையே." அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது. வீட்டுக்கு வந்து டேங்கிலிருந்து உறிஞ்சு குழாயை வெளியே எடுத்து, ஒரு முனையை விரலால் அடைத்து, தண்ணீர் வாளிக்குள் முக்கி மறுமுனையில் ஊதினேன். பாதி உயரத்தில் துரு பிடித்த இடத்தில், குண்டூசி முனை அளவு ஓட்டை, அதிலிருந்து வரிசையாகக் குமிழி. டீசல் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும் வரை தொந்தரவில்லை. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் குழாய் டீசலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் என்ன செய்யும்?

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் புரிந்துகொள்ள வேண்டும். டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும், கண்ணுக்குத் தெரியாது. பம்புக்கு அப்பால் தள்ளும் பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டும், துணியால் துடைத்துப் பார்த்தாலே இடம் தெரிந்துவிடும். கரண்ட் பம்பை டேங்கை ஒட்டிப் போடுவதன் பெரிய பலனே இதுதான்: கண்ணுக்குத் தெரியாத பக்கம் இரண்டு மூன்று மீட்டரிலிருந்து அரை மீட்டராகக் குறைகிறது. அந்த அரை மீட்டரும் டேங்குக்குள் இருக்கும் குழாயும் மட்டும் உங்கள் பொறுப்பு.

ஆகவே பம்பு வாங்கப் போவதற்கு முன்னால் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். டேங்க் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அதைச் சுத்தம் செய்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். அடுத்து, ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி எஞ்சினை விட உயரமான இடத்தில் கட்டி, அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்பின், அதாவது டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் எஞ்சினின் சொந்தப் பம்பின், இன்லெட்டில் மாட்டி, மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைனை அப்படியே டேங்குக்கு விட்டு, எஞ்சினை ஓட்டிப் பாருங்கள். இப்போது நன்றாக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம். இப்போதும் திணறினால் ஃபீட் பம்பு, ஃபில்டர், ஓவர்ஃப்ளோ வால்வு இவற்றைப் பாருங்கள், கரண்ட் பம்பு உங்களுக்கு மருந்தல்ல. இன்னொரு சோதனை, மெயின் ஃபில்டருக்கும், டீசலை அளந்து நாசிலுக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸ் ஒரு சாண் நீளம் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பது. பார்த்து முடித்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள், அப்படியே விட்டால் டீசல் பட்டுப் பட்டுக் கல் மாதிரி இறுகி விரிசல் விடும்.

சரி, பம்பு தேர்வுக்கு வருவோம். இங்கேதான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், "அழுத்தம் கூடினால் நல்லது" என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் இன்ஜெக்ஷன் பம்பு எந்த வகை என்று முதலில் பாருங்கள். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் நான்கு குழாயும் ஒரே வரிசையில், நீளவாக்கில் நின்றால் அது இன்லைன் பம்பு. அதன் பக்கவாட்டில் சின்ன ஃபீட் பம்பும், திருகித் தூக்கி அமுக்கும் கைப்பம்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். குழாய்கள் வட்டமாக ஒரே தலையிலிருந்து கிளம்பினால் அது விஇ ரோட்டரி பம்பு. ரோட்டரிக்குள்ளேயே தகடுகள் சுழன்று இழுக்கும் ஒரு வேன் பம்பு இருக்கிறது, அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு வெளியிலிருந்து அதிக அழுத்தம் கொடுத்தால் ஷாஃப்ட் சீல் தாங்காது, டீசல் டைமிங் கியர் பக்கம் இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை அழுத்தம் தரும் சின்னச் சதுரப் பம்பு, டிக் டிக் என்று அடிக்குமே அந்த வகை, அதற்குப் போதும்.

இன்லைன் பம்பின் கதை வேறு. அதன் வயிற்றுக்குள் ஏறக்குறைய 1 பார் அல்லது அதற்கு மேலே அழுத்தம் நிற்க வேண்டும், அதைப் பிடித்து வைப்பது ஓவர்ஃப்ளோ வால்வு. 7 பிஎஸ்ஐ என்பது அரை பார்தான். ஆகவே பழைய ஃபீட் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சதுரப் பம்பை மட்டும் நம்பாதீர்கள், முழு லோடில் டீசல் போதாமல் இழுவை குறையும். ஃபீட் பம்பு அதன் இடத்திலேயே இருக்கட்டும், கரண்ட் பம்பு பின்னாலிருந்து அதற்கு ஊட்டிக் கொடுக்கட்டும். அப்புறம் ஒன்று, இதைப் போட்டால் பவர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளப்பது இன்ஜெக்ஷன் பம்பு. கரண்ட் பம்பால் கிடைப்பது இழந்த இழுவை மட்டும்தான். ஆனால் மாந்தளையிலிருந்து மேமியோவுக்கு, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே லோடோடு ஏறிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடையில் வாங்கும்போதே கரண்ட் கொடுக்காமல் அம்புக்குறி காட்டும் திசையில் பம்புக்குள் வாயால் ஊதுங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும். போகாவிட்டால், பம்பு செத்த நாளில் பழைய ஃபீட் பம்பால் அதன் வழியாக உறிஞ்ச முடியாது, நீங்களும் ரோட்டில் நிற்பீர்கள். வோல்ட்டையும் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பழைய லாரிகள் நிறைய 24 வோல்ட், இரண்டு பேட்டரி வரிசையாக இருக்கும். 12 வோல்ட் பம்பு மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுக்காதீர்கள், ஒன்று இறங்கும், மற்றது அதிகமாக சார்ஜ் ஏறிக் கொதிக்கும், ஆறு மாதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டிவரும். 24 வோல்ட் பம்பையே தேடி வாங்குங்கள், ஒயரிங்கில் வரும் ரிலேயும், அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்சும், 24 வோல்ட்.

மாட்டும் இடம் சேசிஸின் உள்பக்கம், டேங்கை ஒட்டி, டேங்கின் அடிமட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. இந்தப் பம்புகளுக்குத் தள்ளுவது சுலபம், உறிஞ்சுவது கஷ்டம். புகைக்குழாயிலிருந்து தள்ளியிருக்கட்டும், சக்கரம் அடிக்கும் சேறு நேராகப் படக்கூடாது, அவுட்லெட் மேலே பார்க்க நிற்கட்டும், போல்ட்டுக்கு அடியில் ரப்பர் புஷ் வையுங்கள். நம் பர்மாவில் 1970லிருந்து வண்டி ஓடுவது வலப்பக்கம், ஜப்பான் லாரியின் ஸ்டியரிங்கும் வலப்பக்கம், அதாவது டிரைவர் இறங்குவது ரோட்டோரத்தில். முடிந்தால் பம்பையும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தையும் அந்தப் பக்கமே வையுங்கள். இருட்டில் ஹைவேயில் குனிந்து வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் பஸ் போகாது.

வரிசை இப்படி: டேங்க், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், கரண்ட் பம்பு, பழைய ஃபீட் பம்பு, மெயின் ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்பு. கிண்ணம் பம்புக்கு முன்னால்தான் வர வேண்டும், ஏனென்றால் பம்பு அடித்த பிறகு தண்ணீர் பொடித்துளியாக டீசலோடு கலந்துவிடும், பிரிக்க முடியாது. ரோட்டோரத்து டிரம் டீசல் ஊற்றுகிறவர்களுக்கு, அதுவும் ஜூனிலிருந்து அக்டோபர் வரை, இந்தக் கிண்ணம்தான் நாசிலைக் காப்பாற்றும். பம்புக்கு முன்னால் மெல்லிய ஃபில்டர் வேண்டாம், கம்பி வலை மட்டும் போதும், மெல்லிய ஃபில்டர் சீக்கிரம் அடைத்து உறிஞ்சுவதைக் கெடுக்கும். ஹோஸ் டீசலுக்கென்றே விற்கும் நைட்ரைல் ரப்பர், பழைய குழாயின் அளவே, பெரும்பாலும் உள்விட்டம் 8 மில்லிமீட்டர். செப்புக் குழாயும் கால்வனைஸ் ஃபிட்டிங்கும் தவிர்க்கவும், இரண்டுமே டீசலைக் கெடுக்கும். டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள், அதன் நூல் பிரிந்து வால்வுக்குள் மாட்டிக்கொள்ளும். நடுவே துளை வழியாக டீசல் போகும் பேன்ஜோ போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர் போடுங்கள், கிடைக்காவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகிவிடும்.

ஒயரிங்கில் அவசரம் வேண்டாம். சாவியிலிருந்து நேராகப் பம்புக்கு ஒயர் கொடுத்துவிட்டால் ஓடும்தான், ஆனால் வண்டி கவிழ்ந்து ஹோஸ் அறுந்தாலும் பம்பு டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். ஐந்து கால் ரிலே ஒன்று வாங்குங்கள். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒயரை 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30ஆம் காலுக்கும் 86ஆம் காலுக்கும் கொடுங்கள். 87ஏ காலிலிருந்து பம்புக்கு. 85ஆம் காலை ஆயில் லைட் சுவிட்சுக்குப் போகும் ஒயரோடு சேருங்கள். ஆயில் அழுத்தம் இல்லாதபோது அந்த சுவிட்ச் எர்த் கொடுக்கும், ரிலே இழுத்துக்கொண்டு பம்பை அணைத்து வைக்கும். எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறியதும் ரிலே விட்டுவிடும், பம்பு ஓடும். ஆயில் ஒயர் எங்கேயாவது அறுந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், ஆகவே சாவி போட்டதும் ஆயில் லைட் எரிகிறதா என்று தினமும் பாருங்கள். இதோடு ஃபியூஸிலிருந்து பம்புக்கு நேராக ஒரு அமுக்குப் பட்டன் வையுங்கள், ஏர் எடுக்க, அதாவது லைனில் மாட்டிய காற்றை வெளியேற்ற, அது கைப்பம்பை விட நூறு மடங்கு சுகம். பம்பின் எர்த்தைத் துருவின் மேல் வைக்காமல், சேசிஸைச் சுரண்டிப் பளபளக்க வைத்துப் போல்ட் போடுங்கள்.

இனி ஏர் எடுப்பது. பட்டனை அமுக்கிக்கொண்டு மெயின் ஃபில்டர் தலையில் உள்ள ஸ்குரூவை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் சீறும், பிறகு சோப்பு நுரை மாதிரி வெள்ளையாக வரும், அதற்கப்புறம் ஒரே கம்பியாகத் தெளிந்த டீசல் வரும், அப்போது இறுக்குங்கள். அதே மாதிரி இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்குரூ. அதன் பிறகும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, 10 விநாடிக்கு மேல் போகாமல் ஸ்டார்ட்டர் அடித்து, இடையில் ஓய்வு கொடுத்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கையை அங்கே வைத்துப் பார்க்கவே கூடாது. நாசில் லைனில் 150 பாருக்கு மேல் அழுத்தம் வரும், பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓட ஆரம்பித்ததும் டிப் ஸ்டிக்கைப் பார்த்து ஆயில் மட்டத்தில் ஒரு கீறல் போடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பாருங்கள். பழைய ஃபீட் பம்பின் தள்ளுகோல் சீல் தேய்ந்திருந்தால், பின்னாலிருந்து நாம் கொடுக்கும் அழுத்தம் டீசலை அதன் வழியாக ஆயிலுக்குள் இறக்கும். மட்டம் ஏறினாலோ, ஆயிலை விரலில் தேய்த்தால் தண்ணீர் மாதிரி வழுக்கி டீசல் வாடை அடித்தாலோ அந்த நிமிடமே வண்டியை நிறுத்துங்கள், ஃபீட் பம்பைப் பிரித்து சீல் மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் போய்விடும்.

சீட்டுக்கு அடியில் அரை மீட்டர் ஹோஸ், நான்கு கிளாம்ப், ஒரே அளவில் இரு முனையும் உள்ள பித்தளை இணைப்பு ஒன்று, இரண்டு ஃபியூஸ் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பம்பு வழியில் செத்து, அதற்குள் வழியும் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி ஹோஸை நேராக இணைத்து, கைப்பம்பால் ஏர் எடுத்து, பழையபடி ஊர் போய்ச் சேரலாம்.