நிலவேம்புக் குடிநீர்: தவறு எங்கே நடக்கிறது?

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரமே ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடல் சூடு தணியும். கொடுத்த நிலவேம்புக் கசாயம் கேட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். சிலருக்கு அப்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் சரியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொரு வேளை கசாயம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரிது.

நிலவேம்பை நான் குறை சொல்லவில்லை. 2012 டெங்குப் பரவலின்போது தமிழக அரசே அந்தக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. ஆனால் வெறும் நிலவேம்பு இலையைக் கொதிக்கவைத்தால் அது நிலவேம்புக் குடிநீர் ஆகாது. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு ஆகியவையும் சேர்ந்த ஒன்பது சரக்குகளின் கூட்டு அது. பொடியைத் தண்ணீரில் போட்டு, நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். காலையில் காய்ச்சியதைப் பிளாஸ்கில் ஊற்றி இரவுவரை குடிப்பது சரியல்ல. அவ்வப்போது புதிதாகக் காய்ச்சுங்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுவோரும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே கசாயம் என்பது சித்த மருத்துவமே ஒப்பாத பேச்சு. சித்த மருத்துவ நூல்கள் சுரத்தை, அதாவது காய்ச்சலை, 64 வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல் மூன்றுக்கும் கிருமியைக் கொல்லும் மருந்துகள் இருக்கின்றன; ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் அவற்றைத் தொடங்க வேண்டிய நாட்கள் வீணாகின்றன.

பப்பாளி இலைச்சாறு குடித்துவிட்டுத் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். டெங்கு நோயாளியைக் காப்பதில் முதலிடம் நீர்ச்சத்துக்குத்தான். குமட்டும் சாற்றைக் கட்டாயப்படுத்திப் புகட்டி அவர் வாந்தி எடுத்தால் உள்ள நீரும் போய்விடும். உப்புச்சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சி எது இறங்குகிறதோ அதைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள்.

கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று வேப்பெண்ணெய் புகட்டுவது கொடிய வழக்கம். வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

கசாயத்தோடு மருந்துக் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களும் கவனிக்க வேண்டும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில். மருத்துவரிடம் போனால் எந்தக் கசாயம், எத்தனை நாள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயப்பட வேண்டாம். அந்தத் தகவல் அவருக்குத் தேவை.