செட்டிநாட்டு வீடு விடுதியாகும்போது வைஃபை அமைப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படி ஒரு வீட்டில் வைஃபை அமைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ரூட்டர் அமைப்பது, விலான் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்) பிரிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் அளவெடுங்கள்

முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, சமையல்கட்டு என்று ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். முற்றம் திறந்த வெளி, அதனால் சிக்னல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சுலபமாகப் போய்விடும். அதைப் பார்த்து நடுவில் ஒரு வைஃபை பெட்டியை மாட்டினால் போதும் என்று தோன்றும். போதாது. வளவைச் சுற்றியுள்ள அறைகளின் சுண்ணாம்புச் சுவர் அதை விழுங்கிவிடும்.

ஒரு ஆக்சஸ் பாயின்ட்டை, அதாவது வைஃபை சிக்னல் தரும் அந்தப் பெட்டியை, தற்காலிகமாக ஸ்டூல் மேல் வைத்து இயக்குங்கள். அறைக்குள் போய்த் தேக்குக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து போனில் அளவு பாருங்கள். கதவைத் திறந்து வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது, ஏனென்றால் விருந்தினர் கதவைச் சாத்திக்கொண்டுதான் தூங்குவார். 5 கிகாஹெர்ட்ஸில் −65 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நல்ல அளவு வர வேண்டும். சுவரில் பெரிய பெல்ஜியம் கண்ணாடி இருந்தால் அதன் பின்பூச்சு சிக்னலைத் திருப்பி அனுப்பும். கண்ணாடிக்குப் பின்னால் எதையும் மாட்டாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் செயலி, வேகம் பார்க்க ஐபெர்ஃப் (வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் அளக்கும் கருவி). இந்த இரண்டும் போதும். இணையத்தில் வேகம் காட்டும் தளங்களை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. அவை உங்கள் இணைப்பையும் சேர்த்தே அளக்கும், வைஃபையை மட்டும் தனியாகக் காட்டாது.

2. கேபிள்

மெஷ் வேண்டாம். இந்தச் சுவர்களுக்கு நடுவே வயரில்லாமல் ஒரு பெட்டி இன்னொன்றோடு பேசினால் பாதி வேகம் அதிலேயே போய்விடும். ஒவ்வொரு பெட்டிக்கும் கேட்6 கேபிள் இழுங்கள், மின்சாரமும் அதிலேயே வரட்டும் (இதுதான் பிஓஇ). பழைய பூச்சைக் குடைய வேண்டியதில்லை, உத்தரத்தின் மேல்பக்கமாகக் கொண்டுபோனால் கண்ணுக்கும் தெரியாது.

இந்த வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். செப்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதனால் இரண்டாம் கட்டில் தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்து, அதையும் முதல் ஸ்விட்சையும் ஃபைபரால் (கண்ணாடி இழைக் கேபிளால்) இணையுங்கள். கோடை இடியில் செப்பு வழியாக வரும் மின் அதிர்ச்சி ஃபைபரில் தாண்டாது என்பது இன்னொரு லாபம். ஸ்விட்ச் வாங்கும்போது போர்ட்டுக்கு 30 வாட் தரும் பிஓஇ பிளஸ் வகையையே எடுங்கள். 15.4 வாட் மட்டும் தரும் பழைய வகையில் பல வைஃபை 7 பெட்டிகள் முழு சக்தியோடு இயங்காது.

3. சக்தியைக் குறையுங்கள்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். போனில் சிக்னல் கோடு முழுதாக நிற்கும், ஆனால் பக்கம் திறக்காது. உடனே சக்தியைக் கூட்டுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆக்சஸ் பாயின்ட்டால் 23 டிபிஎம் வரைகூட அனுப்ப முடியும். போன் அனுப்புவது பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. ஒருவர் மைக்கில் பேசுகிறார், எதிரில் இருப்பவர் வெறும் தொண்டையில் பதில் சொல்கிறார். பெட்டி பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் சொல்வது பெட்டிக்கு எட்டவில்லை. 3 டிபி கூடினால் சக்தி இரட்டிப்பு என்பதால் இரண்டுக்கும் 8 டிபி வித்தியாசம் இருந்தாலே ஆறு மடங்குக்கு மேல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐபோன், தற்போதைய சிக்னல் −70 டிபிஎம்முக்குக் கீழே போன பிறகுதான் வேறு பெட்டியைத் தேடத் தொடங்கும். முகப்பில் இருக்கும் பெட்டி உரக்க ஒலித்தால், இரண்டாம் கட்டுக்குப் போன பிறகும் போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

எனவே 5 கிகாஹெர்ட்ஸில் 14 முதல் 17 டிபிஎம், 2.4 கிகாஹெர்ட்ஸில் அதைவிட 6 டிபி குறைவாக வையுங்கள். "ஆட்டோ" வேண்டாம். பிறகு 802.11கே, வி (போன் அடுத்த பெட்டிக்கு மாற உதவும் வசதிகள்) இரண்டையும் இயக்கி, போனில் வாட்ஸாப் கால் போட்டபடியே முகப்பிலிருந்து சமையல்கட்டு வரை நடங்கள். எங்கே குரல் அறுகிறதோ அங்கே பெட்டி குறைகிறது என்று பொருள். அந்த இடத்துக்கு இன்னொரு பெட்டி சேருங்கள், சக்தியைக் கூட்டாதீர்கள்.

4. சேனல்

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்கள் (ஒன்றோடொன்று மோதாத அலைப் பாதைகள்) மட்டும், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஒன்று விட்டு ஒரு பெட்டியில் 2.4-ஐயே அணைத்துவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். 80 வைத்தால் தனியாகப் பார்க்க வேகமாக இருக்கும், எல்லா அறையும் நிரம்பியதும் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும். நெட்வொர்க் பெயர்கள் மூன்றைத் தாண்ட வேண்டாம், ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு பெட்டியும் நொடிக்குச் சுமார் பத்து முறை அறிவித்துக்கொண்டே இருக்கும்.

5. வைஃபை 6-ஆ, 7-ஆ?

வைஃபை 7 சான்றளிப்பு 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டுமே கிடைக்கும். அமெரிக்கா 2020-இல் அதில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. இந்தியாவில் 2025 மே மாதம் வந்த வரைவு விதிகள் பேசியது 5925 முதல் 6425 வரை, அதாவது 500 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் 320 அகலத்தில் ஒரே ஒரு சேனல்தான் அடங்கும். பல பெட்டிகள் உள்ள வீட்டில் அதை வைத்துக்கொண்டு திட்டமிடவே முடியாது. அட்டையில் போட்ட வேகத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள். இன்று வாங்குவதாக இருந்தால் நல்ல வைஃபை 6 பெட்டிகளை எண்ணிக்கையில் கூடுதலாக வாங்கச் சொல்வேன். யூனிஃபை, ஓமாடா என்ற பெட்டி வகைகள் இரண்டில் எதுவானாலும் சரி. எனக்கு ஓமாடா பிடிக்கும், கன்ட்ரோலரை (எல்லாப் பெட்டிகளையும் நிர்வகிப்பதை) வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை

டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை) போட்டதும் டிவியும் ஏசியும் இணையவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அவற்றில் பல 2.4-ஐயும் டபிள்யூபிஏ2-ஐயும் மட்டுமே அறிந்தவை. அவற்றுக்குத் தனிப் பெயர், தனி விலான் கொடுங்கள். விருந்தினர் விலானில் "கிளையன்ட் ஐசொலேஷன்" இயக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு அறையின் போன் அடுத்த அறையின் டிவியைக் கண்டுபிடிக்கக் கூடாது.