பிஎஸ்பி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஎஸ்பி என்பது ஒரு போர்டில் லினக்ஸை ஓடவைக்கும் மென்பொருள் தொகுப்பு. அதில் டிவைஸ் ட்ரீயில் (போர்டிலுள்ள ஹார்ட்வேரை கெர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) செமிகோலன் விட்டுப்போவது, சீரியல் கன்சோலில் பாட் ரேட், அதாவது வேகம், தப்பாக வைப்பது எல்லாம் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுவோம். புதிதாக எம்பெடட் லினக்ஸுக்கு வருகிறவர்கள், முன்னே வந்தவர்கள் விழுந்த அதே குழியில்தான் இன்னும் விழுகிறார்கள்.

இவிகே போர்டின் ரேம் டைமிங்கை அப்படியே எடுப்பது

ஐ.எம்எக்ஸ்8எம் மினி என்ற என்எக்ஸ்பி ப்ராசஸரில் சொந்த போர்டு செய்கிறார்கள். என்எக்ஸ்பி தரும் மாதிரி போர்டான இவிகே-யின் யூ-பூட்டை (லினக்ஸை ஏற்றும் பூட்லோடர்) எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அதிலுள்ள எல்பிடிடிஆர்4 ரேமின் டைமிங் ஃபைல், அந்த போர்டின் 2 ஜிபி சிப்புக்காக உருவானது. இவர்கள் போர்டில் இருப்பதோ வேறு சிப், 1 ஜிபி. பல சமயம் எஸ்பிஎல் (யூ-பூட்டின் முதல் கட்டம்) செய்யும் ரேம் ட்ரெயினிங் பாஸ் ஆகி, லாகின் வரைக்கும் வந்துவிடும். வந்துவிட்டதே என்று ரேமை மறந்துவிடுகிறார்கள். எரிச்சல் வருவது இங்கேதான்.

2 ஜிபி இருப்பதாகவே மென்பொருள் நினைப்பதால், 1 ஜிபிக்கு மேல் எழுதுவது சுற்றிக்கொண்டு கீழேயுள்ள ரேமிலேயே விழும். எதன் மேல் விழும் என்று சொல்ல முடியாது. அளவு பொருந்தினாலும் போதாது. ரேம் ரெஃப்ரெஷுக்கு விடவேண்டிய நேரமான டிஆர்எஃப்சி, 8 கிகாபிட் டைக்கு (சிப்புக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டு) 180 நானோசெகண்ட், 16 கிகாபிட்டுக்கு 280. பெரிய டைக்குச் சின்ன எண்ணைப் போட்டால், மேசையில் ஓடுகிற போர்டு பெட்டிக்குள் சூடேறியதும் பிட் புரளும்.

ஊப்ஸ் எனும் கெர்னல் பிழை ஒருநாள் வைஃபை டிரைவரில் வரும், மறுநாள் ஈஎம்எம்சி ஸ்டோரேஜ் டிரைவரில். குழு வாரக்கணக்கில் வைஃபை டிரைவரைக் குடைந்துகொண்டிருக்கும். அப்படி இடம் மாறி மாறி விழுந்தால் 100 எம்பி ஃபைல் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தடவையும் பேஜ் கேஷைக் (படித்த ஃபைலை கெர்னல் ரேமில் வைத்திருக்கும் இடம்) காலி செய்துவிட்டுப் பத்துத் தடவை எம்டி5சம் எனும் செக்சம் கமாண்டை ஓட்டுங்கள். ஒரு தடவை விடை மாறினாலும் முதலில் ரேமைப் பாருங்கள்.

சிப்பின் மேலுள்ள எழுத்தைக் கண்ணால் படியுங்கள். அசெம்பிளியில் மாற்று சிப் ஏறியிருக்கலாம். டேட்டாஷீட்டிலிருந்து ரேங்க், ரோ, டென்சிட்டியை எடுத்து என்எக்ஸ்பியின் ஆர்பிஏ ஷீட்டில் (ரேம் கன்ட்ரோலர் ரெஜிஸ்டர் மதிப்புகளைக் கணக்கிடும் ஷீட்) நிரப்புங்கள். என்எக்ஸ்பியின் டிடிஆர் டூலில் காலிபரேஷனும் ஸ்ட்ரெஸ் டெஸ்டும் ஓட்டி, அது தரும் சி ஃபைலை யூ-பூட்டில் வையுங்கள். அங்கேயே ரேம் அளவையும் திருத்துங்கள். பிறகு ரேமை வாட்டிப் பார்க்கும் ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட்: இரவு முழுக்க, குறைந்தது மூன்று போர்டில், வெப்பநிலை சேம்பரில் குளிர் முனையிலும் சூட்டு முனையிலும்.

எல்லா ரெகுலேட்டருக்கும் ஆல்வேஸ்-ஆன்

பூட் ஆகி 30 நொடியில் டிஸ்ப்ளே அணைந்தால் லாகைப் பாருங்கள்: ரெகுலேட்டர் பெயரும் பக்கத்தில் ‘டிஸேபிளிங்’ என்றும் இருக்கும். ரெகுலேட்டர் என்பது பாகங்களுக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்; யாரும் கேட்காத ரெகுலேட்டரை கெர்னல் அணைக்கிறது. டிவைஸ் ட்ரீயில் டிஸ்ப்ளேயின் நோடில் அந்த ரெகுலேட்டரைச் சப்ளையாகக் குறிப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆல்வேஸ்-ஆன் போட்டால் சஸ்பெண்டிலும் பேட்டரி கரையும்.

யாக்டோவின் ஒர்க் டைரக்டரியில் திருத்துவது

யாக்டோ, போர்டுக்கான லினக்ஸ் இமேஜைக் கட்டும் கருவி. அதன் ஒர்க் டைரக்டரியில் சோர்ஸைத் திருத்தினால், ஒரு கிளீன் போட்டால் எல்லாம் போயிற்று. திருத்தத்துக்கு டெவ்டூல் மாடிஃபை கமாண்ட் இருக்கிறது.

ரிலீஸில் ஆட்டோரெவ்

ஆட்டோரெவ் போட்டால் யாக்டோ ஒவ்வொரு பில்டிலும் சோர்ஸின் புதிய கமிட்டை எடுக்கும். ரிலீஸில் வேண்டாம். கமிட் ஹாஷைப் போடுங்கள்.