நட்பு ஆட்டத்தில் ஸ்கோர் புத்தகம் எழுதுவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

வார இறுதியில் இரண்டு கிரிக்கெட் கழகங்கள் நட்பு முறையில் மோதும் ஆட்டத்தில் மூன்றாம் நடுவரும் இருப்பதில்லை, மறு ஒளிபரப்பும் இருப்பதில்லை. நடுவர்களாக நிற்பவர்கள்கூடப் பெரும்பாலும் மட்டை பிடிக்கும் அணியின் ஆட்டக்காரர்களாகவே இருப்பார்கள். இத்தகைய ஆட்டத்தில் இரு அணியினரும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளும் ஒரே சான்று ஸ்கோர் புத்தகம்தான். ஆயினும், அன்றைய பதினொருவரில் இடம் கிடைக்காதவரிடமோ, கடைசியில் மட்டை பிடிக்க இருப்பவரிடமோ எந்த விளக்கமும் சொல்லாமல் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிடுவது பல கழகங்களில் வழக்கமாக இருக்கிறது. அந்தப் பணியை முதன்முறையாக ஏற்பவருக்காக இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

கிரிக்கெட் விதிகளுக்குப் பொறுப்பான மெரிலிபோன் கிரிக்கெட் கழகம் வெளியிடும் 42 ஆட்ட விதிகளில் மூன்றாவது விதி முழுவதும் ஸ்கோரர்களைப் பற்றியது. ஆட்டத்துக்கு இரண்டு ஸ்கோரர்கள் வேண்டும், இருவரும் தம் கணக்குகளை அடிக்கடி ஒப்பிட வேண்டும், நடுவர் காட்டும் ஒவ்வொரு சைகையையும் தனித்தனியே உடனுக்குடன் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும் என்பவை அதன் சாரம். இந்த மூன்றையும் கடைப்பிடித்தாலே பெரும்பாலான குழப்பங்கள் எழாமல் தடுக்கலாம்.

படி 1: நாணயம் சுண்டுவதற்கு முன்

பென்சில், அழிப்பான், பென்சில் சீவி, புத்தகத்தின் தாள் காற்றில் புரளாமல் இருக்க ஒரு கவ்வி ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எதிரணி ஸ்கோரரின் அருகிலேயே, இரு நடுவர்களும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அமருங்கள். அணித்தலைவர்கள் தம் ஆட்டக்காரர்களின் பெயர்களை நாணயம் சுண்டுவதற்கு முன்பே எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தப் பட்டியலை வாங்கி முழுப் பெயர்களாக எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் தலைப்பெழுத்தையும் சேர்த்துவிடுங்கள்.

நட்பு ஆட்டத்துக்கே உரிய இன்னொரு வேலையும் இங்கே இருக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் எத்தனை ஓவர், ஒரு பந்துவீச்சாளர் அதிகபட்சம் எத்தனை ஓவர் வீசலாம், குறிப்பிட்ட ஓட்டங்களை எடுத்த மட்டையாளர் விலகி மற்றவருக்கு வாய்ப்பளிக்க வேண்டுமா, நோ பாலுக்குப் பின் ஃப்ரீ ஹிட் உண்டா என்பவற்றைத் தலைவர்கள் வாய்மொழியாகவே பேசி முடித்துவிடுவார்கள். ஃப்ரீ ஹிட், அதாவது ரன் அவுட் போன்ற சில வழிகளைத் தவிர மட்டையாளர் ஆட்டமிழக்காத அடுத்த பந்து, ஆட்ட விதிகளில் இல்லாத ஒன்று. அது தனித்தனிப் போட்டிகளின் நிபந்தனைகளால் வந்தது என்பதால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் நட்பு ஆட்டத்தில் அதற்கு இடமுண்டு. பேசி முடித்த அனைத்தையும் பக்கத்தின் மேற்பகுதியில் எழுதி, இரு தலைவர்களுக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். மூன்று மணி நேரம் கழித்து எழக்கூடிய பூசலை இந்த ஒரு நிமிட வேலை தவிர்த்துவிடும்.

படி 2: ஒரு பந்து, மூன்று இடங்கள்

புத்தகத்தின் பக்கத்தில் மூன்று முக்கியப் பகுதிகள் உண்டு. மட்டையாளர்களின் வரிசை, பந்துவீச்சாளர்களின் கட்டங்கள், அணியின் மொத்த ஓட்டத்தைக் காட்டும் எண் வரிசை ஆகியவை அவை. மட்டையால் அடிக்காமல் வரும் உதிரி ஓட்டங்களுக்கும் விக்கெட் வீழ்ந்தபோதைய மொத்தத்துக்கும் தனி வரிகள் இருக்கும். மட்டையாளர் ஒரு பந்தில் இரண்டு ஓட்டங்கள் எடுத்தால், அவரது வரிசையில் 2 என்றும், பந்துவீச்சாளரின் கட்டத்தில் 2 என்றும் எழுதி, மொத்த ஓட்ட வரிசையில் அடுத்த இரண்டு எண்களை அடிக்க வேண்டும். ஓட்டமில்லாத பந்துக்கு மட்டையாளரின் வரிசையிலும் பந்துவீச்சாளரின் கட்டத்திலும் புள்ளி வைக்க வேண்டும்.

இந்த மூன்றையும் எப்போதும் ஒரே வரிசைமுறையில் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். முதலில் பந்துவீச்சாளர், பிறகு மட்டையாளர், கடைசியாக மொத்தம் என்ற முறையையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் ஓவரில் எத்தனையாவது பந்து என்பதைக் காட்டுவது பந்துவீச்சாளரின் கட்டம்தான். பந்து உயிரோடு இருக்கும்வரை, அதாவது அந்தப் பந்தின் ஆட்டம் முடியும்வரை, எதையும் எழுதாதீர்கள். தவறான எறிதலால் கூடுதல் ஓட்டம் வரலாம், ரன் அவுட் ஆகலாம், ஓர் ஓட்டம் முழுமையாகவில்லை என்று நடுவர் தோளைத் தொட்டுக் காட்டலாம்.

படி 3: சைகைகளும் குறியீடுகளும்

நோ பாலுக்கு ஒரு கையையும், வைடுக்கு இரு கைகளையும் நடுவர் கிடைமட்டமாக நீட்டுவார். இவற்றைப் பந்து உயிரோடு இருக்கும்போதே அறிவித்து, ஆட்டம் நின்றபின் ஸ்கோரர்களுக்காக மீண்டும் காட்டுவார். நீங்கள் எழுத வேண்டியது அந்த இரண்டாவது சைகையைப் பார்த்துத்தான். பை ஓட்டத்துக்கு (பந்து மட்டையிலும் உடலிலும் படாமல் சென்றபோது எடுப்பது) உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் ஒரு கையை உயர்த்துவார், லெக் பைக்கு (பந்து மட்டையில் படாமல் உடலில் பட்டுச் சென்றபோது எடுப்பது) உயர்த்திய முழங்காலைக் கையால் தொடுவார். ஒவ்வொரு சைகைக்கும் நீங்கள் கையை உயர்த்திப் பதில் தர வேண்டும். பதில் வரும்வரை அடுத்த பந்தை வீச அனுமதிக்க வேண்டாம் என்று நடுவராக நிற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

குறியீடுகள் கழகத்துக்குக் கழகம் சிறிது மாறினாலும் பரவலாக உள்ளவை இவை: வைடுக்குச் சிலுவைக் குறி, நோ பாலுக்கு வட்டம், பைக்கு மேல்நோக்கிய முக்கோணம், லெக் பைக்குத் தலைகீழ் முக்கோணம். வைடில் மட்டையாளர்கள் ஓடி எடுக்கும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சிலுவையின் மூலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நோ பாலில் மட்டையால் எடுத்த ஓட்டத்தை வட்டத்துக்குள் எழுத வேண்டும்.

எந்த ஓட்டம் யார் கணக்கில் சேரும் என்பதுதான் புதியவர்களை மிகவும் திணறடிப்பது. வைடில் வரும் எல்லா ஓட்டங்களும், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் வரும் ஐந்தும்கூட, வைடு என்றே பதிவாகிப் பந்துவீச்சாளரின் கணக்கில் ஏறும். நோ பாலுக்கான ஓர் ஓட்டமும் அவர் கணக்கில்தான். அந்தப் பந்தை மட்டையால் அடித்து எடுத்த ஓட்டங்கள் மட்டையாளருக்குச் சேரும். மட்டையில் படாமல் ஓடியிருந்தால், 2017ஆம் ஆண்டின் விதித்தொகுப்பிலிருந்து அவை பை அல்லது லெக் பையாகவே பதிவாகின்றன. பையும் லெக் பையும் பந்துவீச்சாளரின் கணக்கில் சேரா. எனவே ஓர் ஓவரில் நான்கு பை ஓட்டங்கள் வந்திருந்தாலும் அது மெய்டன் ஓவராக (பந்துவீச்சாளர் கணக்கில் ஓட்டமே ஏறாத ஓவராக) இருக்கக்கூடும்.

படி 4: ஓர் ஓவரை எழுதிப் பார்ப்போம்

தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இந்தப் பயிற்சியை என்னோடு சேர்ந்து செய்யுங்கள். ஆட்டத்தின் முதல் ஓவரில் அ, ஆ என்ற இருவர் மட்டை பிடிக்கிறார்கள், பந்தை எதிர்கொள்பவர் அ.

முதல் பந்தில் ஓட்டமில்லை. இரண்டாவது பந்தில் அ ஓர் ஓட்டம் எடுக்க, மொத்தம் 1 ஆகிறது, ஆ எதிர்கொள்ள வருகிறார். அடுத்தது வைடு. விக்கெட் காப்பாளர் அதைத் தவறவிட, மட்டையாளர்கள் ஓர் ஓட்டம் ஓடுகிறார்கள். மூலையில் ஒரு புள்ளியுடன் சிலுவை வரைந்து, உதிரியில் வைடு 2 என்று சேருங்கள். மொத்தம் 3. ஓடியதால் முனை மாறி, அ மீண்டும் எதிர்கொள்கிறார்.

முறையான மூன்றாவது பந்து அ அணிந்திருக்கும் கால்காப்பில் பட்டு ஓர் ஓட்டம் கிடைக்க, நடுவர் லெக் பை என்று காட்டுகிறார். பந்துவீச்சாளரின் கட்டத்திலும் அ வரிசையிலும் தலைகீழ் முக்கோணம் இடுங்கள், ஆனால் இருவர் கணக்கிலும் ஓட்டம் சேராது. மொத்தம் 4. அடுத்தது நோ பால், அதை ஆ எல்லைக்கோட்டுக்கு அடிக்கிறார். வட்டத்துக்குள் 4, உதிரியில் நோ பால் 1, மொத்தம் 9. நான்காவது பந்தில் ஆ கேட்ச் கொடுத்து வெளியேறுகிறார். 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கேட்ச் பிடிக்கப்பட்டபோது மட்டையாளர்கள் ஒருவரையொருவர் கடந்திருந்தாலும், ஓவர் முடியாத நிலையில் புதியவரே பந்தை எதிர்கொள்ள வேண்டும். எனவே இ வந்து ஐந்தாவது பந்தில் இரண்டு ஓட்டங்கள் எடுக்கிறார், ஆறாவது பந்தில் ஓட்டமில்லை.

இப்போது சரிபார்ப்போம். அ 1, ஆ 4, இ 2 என மட்டையால் வந்தவை 7. உதிரிகள் வைடு 2, நோ பால் 1, லெக் பை 1 என 4. ஆக மொத்தம் 11. பந்துவீச்சாளர் கொடுத்தவை 1, 2, 5, 2 என 10, அதனுடன் அவர் கணக்கில் சேராத லெக் பை 1 சேர்ந்தால் அதே 11. எதிர்கொண்ட பந்துகளிலும் இதே ஒழுங்கைக் காணலாம். வைடு மட்டையாளரின் பந்துக் கணக்கில் சேராது, நோ பால் சேரும் என்பதால், அ 3, ஆ 2, இ 2 என 7 பந்துகள் வருகின்றன. முறையான ஆறுடன் ஒரு நோ பாலைச் சேர்த்தாலும் அதே ஏழுதான். இந்த ஓவரை இந்த விளக்கத்தைப் பார்க்காமல் எழுத முடிந்தால், ஆட்டத்தில் வரும் பந்துகளில் பெரும்பாலானவற்றை நீங்கள் சமாளித்துவிடலாம்.

படி 5: விக்கெட் வீழும்போது

போல்டு, கேட்ச், எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் ஆகியவை பந்துவீச்சாளருக்குச் சேரும், ரன் அவுட் சேராது. வைடு பந்தில் ஸ்டம்பிங் ஆனால் விக்கெட் பந்துவீச்சாளருக்கு உண்டு, ஓட்டமும் அவர் கணக்கில் ஏறும் என்பதை மறந்துவிடாதீர்கள். கேட்ச் பிடித்தவரின் பெயர் தெரியாவிட்டால் எதிரணி ஸ்கோரரிடம் அப்போதே கேட்டு எழுதுங்கள், வெளியேறியவரின் ஓட்டத்தைக் கூட்டி, அணியின் மொத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படி விலகியவரை ஆட்டமிழந்தவராகக் கருதுவதா என்பதையும் தலைவர்களிடம் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். காயமோ உடல்நலக் குறைவோ இன்றி விலகியவர் எதிரணித் தலைவர் இசைந்தால்தான் மீண்டும் ஆடலாம், இல்லையேல் அவர் ஆட்டமிழந்தவராகவே பதிவாக வேண்டும் என்கிறது விதி.

நட்பு ஆட்டங்களில் ஸ்கோரரே அடுத்து மட்டை பிடிக்கச் செல்ல வேண்டிவருவதும் உண்டு. புத்தகத்தை ஓவரின் நடுவில் கைமாற்றாதீர்கள். உங்கள் முறைக்கு இரண்டு பேர் முன்பாகவே, ஓர் ஓவர் முடிந்தவுடன் கணக்கைச் சரிபார்த்து, அடுத்தவரை அருகில் அமர்த்தி ஒப்படையுங்கள்.

படி 6: கணக்கு ஒத்துவராதபோது

ஒவ்வோர் ஓவர் முடிவிலும் மொத்த ஓட்டம், விக்கெட், அந்த ஓவரின் ஓட்டம் ஆகிய மூன்றையும் இரு ஸ்கோரர்களும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டால், எந்தப் பிழையையும் ஆறு பந்துகளுக்குள் தேடினால் போதும். பந்துவீச்சுப் பக்கம் மட்டும் ஒன்றிரண்டு குறைந்தால், வைடையோ நோ பாலையோ உதிரியில் எழுதிவிட்டுப் பந்துவீச்சாளர் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள். மட்டைப் பக்கம் குறைந்தால், பெரும்பாலும் ஓர் ஓட்டத்தை வரிசையில் எழுத மறந்திருப்பீர்கள்.

ஆனால் கூட்டல் காட்டிக்கொடுக்காத பிழையும் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். லெக் பையை மட்டையாளரின் ஓட்டமாக எழுதி, பந்துவீச்சாளரின் கணக்கிலும் சேர்த்துவிட்டால், இரு பக்கமும் மொத்தத்தோடு கச்சிதமாக ஒத்துப்போகும், பதிவோ தவறாகவே நிற்கும். பழக்கமில்லாத நடுவர் லெக் பை சைகையைக் காட்ட மறப்பது நட்பு ஆட்டங்களில் அடிக்கடி நிகழ்வது. பந்து மட்டையில் பட்டதா என்பது நீங்கள் அமர்ந்திருக்கும் தொலைவிலிருந்து தெரியாது, அதைத் தீர்மானிப்பது உங்கள் பொறுப்பும் அல்ல. ஐயம் எழுந்தால் அடுத்த பந்துக்கு முன் கையசைத்து ஆட்டத்தை நிறுத்தி நடுவரிடம் கேளுங்கள். ஐயமுள்ள இடங்களில் நடுவரும் ஸ்கோரரும் கலந்து பேசுவதை விதிகளே வலியுறுத்துகின்றன, ஆகவே கூச்சப்படத் தேவையில்லை.

படி 7: ஆட்டம் முடிந்தபின்

முதலில் ஆடிய அணி வென்றால் ஓட்ட வித்தியாசத்தையும், இரண்டாவதாக ஆடிய அணி வென்றால் எஞ்சிய விக்கெட்டுகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். வெற்றிக்கு ஓர் ஓட்டமே தேவைப்பட்டபோது மட்டையாளர்கள் இரண்டு ஓடினாலும் ஒன்றுதான் கணக்கில் சேரும். அந்த ஓட்டம் முடிவதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் நான்கும் சேரும். பந்துவீச்சாளரின் நிறைவுக் கணக்கை ஓவர், மெய்டன், ஓட்டம், விக்கெட் என்ற வரிசையில் எழுத வேண்டும். அதில் 3.2 என்பது மூன்று ஓவர்களும் இரண்டு பந்துகளும் என்று பொருள்படும்.

ஆட்டக்காரர்கள் கலைந்து செல்வதற்கு முன்பே இரு புத்தகங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, நடுவர்களின் ஒப்புதலையும் இரு தலைவர்களின் கையொப்பத்தையும் பெற்றுவிடுங்கள். பிறகு பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து எதிரணி ஸ்கோரருக்கும் அனுப்பிவையுங்கள்.